எஞ்சினின் குளிர்: பழைய டீசல் உழவு இயந்திரமும் நீர்சூடாக்கியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வேளாண்மையில் இயந்திரம் புகுந்த வரலாற்றை எழுதப் புகுவோர், எத்தனை உழவு இயந்திரங்கள் இறக்குமதியாயின, எத்தனை ஏக்கர் நிலம் உழப்பட்டது, எருதும் எருமையும் எவ்வாறு வயலை விட்டு நீங்கின என்பனவற்றையே பெரும்பாலும் எடுத்துரைப்பர். அவை வேண்டப்படுவனவே. ஆயினும், விடியற்காலையில் வயலோரத்தில் நிற்கும் ஓர் எஞ்சின் எவ்வாறு உயிர்பெறுகின்றது என்னும் சிறிய வினாவுக்கு அவ்வாய்வுகளில் விடை காண்டல் அரிது. உழவன் நாள்தோறும் எதிர்கொண்டதோ அந்த வினாவையே. மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் நாளில் இயந்திரம் இயங்க மறுப்பின், அது சீராகும்வரை நிலத்தின் பதம் காத்திருப்பதில்லை. பழைய டீசல் உழவு இயந்திரத்தின் எஞ்சினிற் பொருத்தப்படும் நீர்சூடாக்கி என்னும் சிறு கருவியை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. குளிர்நாட்டாரின் சிக்கலென்று நாம் ஒதுக்கிவிட்ட ஒன்று வெவ்வேறு வடிவங்களில் நமது சிக்கலாகவும் இருந்துவந்துள்ளது என்பதே இங்கு நிறுவப்படவுள்ள கருத்தாகும்.

இதனை ஆராய்வதற்குக் கொழும்பின் மாளிகாவத்தையைக் காட்டிலும் பொருத்தமான இடம் அமைதல் அரிது. மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் இடையே பரந்து கிடக்கும் புகையிரத முற்றம் இதன் ஒரு பக்கத்தில் உள்ளது. மறுபக்கத்தில், சிறிது தூரம் நடந்தால், பழைய வாகன உறுப்புக்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை வந்துவிடும். லொறியின் பல்லிணைப் பெட்டியும் உழவு இயந்திரத்தின் எரிபொருட் பம்பியும் அங்கே கடைவாயிலில் எண்ணெய் வழியக் குவிந்து கிடப்பதைக் கண்டவர் பலர். தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்திற் கலந்து புழங்கும் இத்தெருக்களில், நாடெங்கணுமிருந்து உறுப்புத் தேடி வருவோர் தம் எஞ்சினின் நோயையும் கூடவே சொல்லிச் செல்வர். இங்குள்ள பாஸ்மார் கைப்பழக்கத்தால் அறிந்து வைத்திருப்பவற்றுட் பெரும்பகுதி இன்றுவரை எழுத்தில் ஏறவில்லை. நமது தொழில்நுட்ப வரலாறு இறக்குமதிப் பட்டியலாகவே குறுகி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

அத்தெருவிற் கிடக்கும் எஞ்சின் வார்ப்பொன்றைச் சற்றே உற்று நோக்கின், அதன் பக்கச் சுவரில் வட்டமான சில துளைகள் இருப்பதையும், கிண்ணம் போன்ற மெல்லிய தகட்டு மூடிகள் அவற்றை அடைத்திருப்பதையும் காணலாம். இத்துளைகள் தோன்றிய காரணம் வார்ப்புத் தொழிலைச் சார்ந்தது. எஞ்சினைச் சுற்றி நீர் ஓடுவதற்கான உள்வெளியை உண்டாக்கும் பொருட்டு, மணலாற் செய்த அச்சு ஒன்றினை உள்ளே நிறுத்தி இரும்பை உருக்கி ஊற்றுவர். இரும்பு இறுகியபின் அம்மணலை வெளியேற்ற வழி வேண்டும். அவ்வழியே இத்துளை. பின்னாளில், நீர் பனிக்கட்டியாக உறைந்து விரியும்போது மூடி கழன்று வெளியேறி எஞ்சின் வெடியாமற் காக்கும் என்னும் நம்பிக்கை குளிர்நாடுகளிற் பரவிற்று. சிற்சில வேளைகளில் அவ்வாறு நிகழ்வதுமுண்டு. எனினும் அது நம்பத்தகுந்த காவலன்று. மூடி அப்படியே இருக்க, வார்ப்பு பிளந்த எஞ்சின்கள் பலவுள. மூன்றாவதாக, அத்துளைக்கு இன்னொரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது. மூடியை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு மின்சூட்டுக் கம்பியைச் செருகினால் எஞ்சின் நீரை இரவிலேயே சூடாக்கி வைக்கலாம். மணலுக்காகத் தோன்றிய துளை இவ்வாறு வெப்பத்தின் வாயிலாயிற்று.

டீசல் எஞ்சினுக்கு இவ்வெப்பம் ஏன் வேண்டப்படுகின்றது என்பதைச் சுருக்கமாகவேனும் விளங்கிக்கொள்ளல் வேண்டும். பெற்றோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி இல்லை. உருளைக்குட் புகுந்த காற்றை முசலம் பதினாறு, பதினேழு மடங்காக அமுக்க, அவ்வமுக்கத்தால் அக்காற்று 500 பாகை செல்சியசை அண்மி அல்லது கடந்து சூடேறும். அச்சூட்டிலே தூவப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். உருளையின் சுவர்கள் குளிர்ந்து கிடக்குமாயின், அமுக்கத்தாற் பிறந்த வெப்பத்தை அவையே உறிஞ்சிக்கொள்கின்றன. அதே குளிரில் உராய்வுநீக்கி எண்ணெய் பாகுபோலத் தடிக்கின்றது. பற்றரியின் வலு குன்றுகின்றது. எஞ்சின் மெதுவாகவே சுழல்கின்றது. மெதுவாகச் சுழலும்போது அமுக்கப்பட்ட காற்று முசல வளையங்களின் இடுக்கால் ஒழுகிவிடுவதோடு வெப்பமும் தப்பிச்செல்ல நேரம் பெறுகின்றது. தேய்ந்த வளையங்களையுடைய பழைய எஞ்சினில் இத்தீங்குகள் ஒன்றையொன்று பெருக்கும். புதிய எஞ்சின் எளிதாகக் கடந்துவிடும் காலைக் குளிரிலே பழைய எஞ்சின் வெண்புகையைக் கக்கி நின்றுவிடுவது இதனாலேயே.

முன்வெப்பம் என்னும் எண்ணம் மின்சாரத்துக்கு முற்பட்டது. உருடோல்வ் டீசல் தமது எஞ்சினை 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டுவதற்கு முன்னரே, ஆங்கிலேயரான எர்பேட் அக்ரொயிட் சுட்டுவட் என்பார் 1890இல் உரிமம் பெற்ற எண்ணெய் எஞ்சினில் உருளைத் தலைப்பை வெளியிலிருந்து விளக்குச் சுவாலையாற் சூடாக்கிய பின்னரே இயக்குதல் மரபாயிற்று. செருமனியின் மன்கைம் நகரில் 1921இல் வெளிவந்த இலான்சு புல்டோக் உழவு இயந்திரமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதனை இயக்குபவன் முதலில் ஊதுவிளக்கை ஏற்றி, எஞ்சினின் முகப்பிலுள்ள குமிழை நன்கு சூடாக்குவான். பின்னர்ச் சுக்கானையே கழற்றி, எஞ்சினின் பக்கத்திற் செருகிச் சுழற்றுவான். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இங்கிலாந்தில் வெளிவந்த பீல்ட் மார்சல் என்னும் ஒற்றையுருளை இயந்திரத்திலோ, வெடியுப்பில் ஊறிய காகிதச் சுருளொன்றைப் பற்றவைத்து உள்ளே செருகுவர். தோட்டா ஒன்றை வெடித்து முசலத்தைத் தள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. வேடிக்கையாகத் தோன்றினும், அக்காகிதச் சுருளும் பிந்திய மின்சூட்டுக் கம்பியும் ஒரே வேலையைச் செய்தன.

இம்முயற்சிகளெல்லாம் உருளையின் தலையையோ உட்செல்லும் காற்றையோ சூடாக்க முயன்றவை. எஞ்சினைச் சூழ்ந்த நீரையே சூடாக்குதல் வேறொரு வழி. வட அமெரிக்கப் புல்வெளி நாடுகளின் உழவர், மாலையில் றேடியேற்றர் நீரை வடித்துவிட்டுக் காலையிற் கொதிநீரை ஊற்றும் வழக்கத்தை நெடுங்காலம் கைக்கொண்டனர். எண்ணெயையும் வடித்து அடுப்பங்கரையில் வைத்துக் காப்பாற்றியவர் உண்டு. 1941ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மொசுக்கோவின் புறத்தே நின்ற செருமானியப் படையினர் வாகனங்களின் அடியிலே தீ மூட்டினர் என்பது போர்வரலாறு படித்தோர் அறிந்ததே.

இவற்றுக்கு மாற்றாக அமைந்த கருவியின் வரலாற்றில் அன்றூ பிறீமன் என்பவரின் பெயர் முதன்மையானது. ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டாவைச் சேர்ந்த இவர், பழைய செப்புக் குழாய்த் துண்டையும் துணி அழுத்தும் மின்பெட்டியின் சூட்டுக் கம்பியையும் கொண்டு தமது முதற் சூடாக்கியை உருவாக்கினார் எனக் கூறப்படுகின்றது. எஞ்சின் தலைப்பை இறுக்கும் ஆணிகளுள் ஒன்றை எடுத்துவிட்டு, அவ்விடத்திற் பொருத்தும் வகையில் அது அமைந்திருந்தது. அதற்கான உரிமம் 1949இல் வழங்கப்பட்டது. ஈண்டு நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிறீமன் கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் கூட்டுறவு நிறுவனமொன்றின் மேலாளராக இருந்தவர். அமெரிக்க அரசு 1935இல் கிராம மின்மயமாக்கலைத் தொடங்கியபின் பண்ணை வீடுகளை மின்கம்பி சென்றடைந்தது. பகலைப் போலவே இரவிலும் மின்சாரத்துக்குப் பயன் காணவேண்டிய நிலையிலிருந்த ஒருவரே இரவு முழுவதும் மின்னை அருந்தும் கருவியைச் செய்தார் என்பது தற்செயலாக இருத்தல் இயலாது. குளிர் எக்காலத்தும் இருந்தது. கம்பி வந்தபிறகே கருவி வந்தது. தொழில்நுட்பத்தை இயற்கைச் சூழலின் விளைவாக மட்டும் காண்போர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, பழைய உழவு இயந்திரமொன்றில் இக்கருவி எவ்வாறு பொருத்தப்படுகின்றது என்பதை நோக்குவோம். எடுத்துக்காட்டாக, நம் நாட்டவர் நன்கறிந்த மசி பேர்குசன் 35 வகையைக் கொள்ளலாம். 1956இல் வெளிவந்த இவ்வகையின் முதல் டீசல் எஞ்சின் சுட்டாண்டட் நிறுவனத்தின் நான்குருளை எஞ்சினாகும். குளிரில் இயங்க மறுப்பதற்கு அது பேர்போனது. எரிபொருள் நேரே உருளைக்குட் செல்லாது தனியறையொன்றிற் பற்றும் அமைப்பாதலால், அவ்வறையின் சுவர்களும் வெப்பத்தை விழுங்கின. 1959இல் அதனிடத்தைப் பேர்கின்சு நிறுவனத்தின் மூன்றுருளை எஞ்சின் பெற்றது. எரிபொருளை நேரே உருளைக்குட் செலுத்தும் அவ்வெஞ்சின் வந்தபின்னரே இவ்வியந்திரத்தின் புகழ் நிலைபெற்றது. உட்செல்லும் காற்றைச் சிறிது டீசலை எரித்துச் சூடாக்கும் கருவியும் அதன் காற்றுக்குழாயில் இருந்தது.

பொருத்தும் வேலை கடினமானதன்று. எனினும் பொறுமை வேண்டும். எஞ்சின் நன்கு ஆறியபின் நீரை முழுவதும் வடித்தல் முதற்படி. பின்னர்த் தகட்டு மூடியின் ஒரு விளிம்பை உளியாலோ மழுங்கிய இரும்புத் துண்டாலோ தட்டினால் அது குறுக்காகத் திரும்பும். குறட்டாற் பற்றி இழுத்துவிடலாம். நேரே நடுவில் அடிப்பவன் மூடியை உள்ளே தள்ளிவிட்டுப் பின்னர் வருந்துவான். துளையின் விளிம்பிலுள்ள துருவையும் படிவையும் சுரண்டித் துடைத்தபின், இறப்பர் வளையத்துக்கு எண்ணெய் தடவிச் சூடாக்கியைச் செருகவேண்டும். சூட்டுக் கம்பி எஞ்சினின் உட்சுவரைத் தொடலாகாது. சுட்டாண்டட் எஞ்சினில் நீர் நேரே உருளைக் கவசங்களைத் தழுவி ஓடும் அமைப்பு இருப்பதால், உள்ளே இடைவெளி குறுகியது. எல்லா அளவுச் சூடாக்கிகளும் அதற்குப் பொருந்தா. நீரை மீண்டும் நிரப்பிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதற்கு முன் மின்னை இணைப்பின், நீரற்ற கம்பி சில கணங்களில் எரிந்துபோகும். மின்வடம் புகைக்குழாயையும் காற்றாடியையும் விட்டு விலகிச் செல்லவேண்டும், புவித்தொடுப்பு இன்றியமையாதது. இரும்புடல் முழுவதும் மின்னேறிய உழவு இயந்திரத்தை ஈரநிலத்தில் நின்று தொடுபவனின் நிலையை விளக்கத் தேவையில்லை.

துளை எட்டாத இடத்திலிருப்பின், றேடியேற்றரின் கீழ்க்குழாயை வெட்டி நடுவே இணைக்கும் வகை உண்டு. எஞ்சினுக்கு வெளியே சிறு கொள்கலமாகத் தாழ நிறுத்தி, எஞ்சினின் அடியிலுள்ள வடிகுழாயிலிருந்து நீரைப் பெற்று, சூடான நீரை மேலே தலைப்புக்கு ஏற்றும் வகையும் உண்டு. சூடான நீர் மேலெழும் என்னும் இயற்கை விதியே அங்குப் பம்பியாகும். ஆகவே கொள்கலத்தை உயர்த்திப் பொருத்தினால் நீர் சுழலாது. இரவு முழுவதும் இணைத்து வைத்தல் வீண்செலவு. இரண்டு முதல் நான்கு மணிநேரம் போதியது. 1000 வோற்றுச் சூடாக்கி மூன்று மணிநேரத்துக்கு மூன்று அலகு மின்னை உண்ணும். வெளிநாட்டிலிருந்து இக்கருவியை வருவிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. வட அமெரிக்காவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, நம்முடையது 230. அங்குள்ள கருவியை இங்கே இணைத்தால் அது மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தை உமிழ முயன்று அழியும்.

இத்துணை விரிவாக இதனைச் சொல்வதேன், நம் நாட்டில் நீர் உறைவதில்லையே என வினவலாம். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கும் உறைபனி சில இரவுகளில் விழுவதைத் தவிர, இவ்வினா நியாயமானதே. ஆனால் எஞ்சினுக்குக் குளிர் என்பது வெப்பமானி காட்டும் எண் மட்டுமன்று. எரிபொருள் எத்தகையதோ அதற்கேற்ப அக்குளிரும் வேறுபடும். பெற்றோலுக்கு வெதுவெதுப்பான காலை, மண்ணெண்ணெய்க்குக் கடுங்குளிராகும்.

இதற்குப் பேர்குசன் இயந்திரமே சான்று. இங்கிலாந்தின் கொவன்றி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சிறிய சாம்பல்நிறப் பேர்குசன், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் சென்றது. 1949இல் அதன் மண்ணெண்ணெய் வகை வெளிவந்தது. டீசல் வகை வந்தது 1951இலேயே. மண்ணெண்ணெய் வகையைப் பெற்றோலில் இயக்கித் தொடங்கி, நீர் போதிய அளவு சூடேறியபின்னரே திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நீர் மீண்டும் குளிராதிருக்க, றேடியேற்றரின் முன்னே திரை இடுவர். அவசரப்பட்டு மாற்றுபவனின் எஞ்சினில் ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே ஒழுகி, கீழேயுள்ள எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். சில மாதங்களில் தாங்கிகள் தேயும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இதனை நூலிற் படித்து அறியவேண்டிய தேவை இருக்கவில்லை. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் 1950களிலும் 1960களிலும் பிடித்துக்கொண்டபோது, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நீரிறைத்த சிறு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின, பெற்றோலில் தொடங்கின. கிணற்றடியில் நின்று எஞ்சினின் ஓசையைக் கேட்டே மாற்றும் கணத்தை அறியும் திறன் சிறுவர்க்கும் வாய்த்திருந்தது. அதனை ஒரு தொழில்நுட்ப அறிவென்று எவரும் மதித்துப் பதிவு செய்திலர். பிறீமனின் சூடாக்கி மின்சாரத்தாற் செய்த வேலையை, இவர்கள் ஒரு கிண்ணம் பெற்றோலாற் செய்தனர்.

இவ்வறிவின் அருமை 1990இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குச் செல்லும் பொருள்கள் மீது விதிக்கப்பட்ட தடை பெற்றோலையும் டீசலையும் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. மண்ணெண்ணெயே வாகனங்களின் உணவாயிற்று. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் வரை, இறுக்கமும் தளர்வும் மாறிமாறி வந்தாலும், இந்நிலை நீடித்தது. அக்காலத்திற் பழைய ஒசுற்றின் கார்களும் மொறிசு மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை அங்கு வாழ்ந்தோர் யாவரும் அறிவர். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்காதாதலால், சிறு போத்தலொன்றிற் பொன்போலக் காத்த பெற்றோலின் சில துளிகளைக் காபுரேற்றருட் பீச்சி, அது வெடித்துச் சூடேறும் சில கணங்களுக்குள் மண்ணெண்ணெயைப் பிடிக்கச் செய்தனர். வழியில் எஞ்சின் நின்று ஆறிவிட்டால் மீண்டும் சில துளிகள் செலவாகும். ஆதலால் நோயாளியை இறக்கும் நேரத்திலும் எஞ்சினை நிறுத்தாதிருந்தனர்.

டீசல் உழவு இயந்திரங்களின் நிலை வேறு. டீசல் எஞ்சின் மண்ணெண்ணெயை எரிக்கும். ஆனால் அதன் எரிபொருட் பம்பி டீசலின் பசைத்தன்மையையே தன் உராய்வுநீக்கியாகக் கொண்டு இயங்குவது. மெல்லிய மண்ணெண்ணெய் அதற்கு அப்பசையைத் தருவதில்லை. எனவே சிறிதளவு வேறு எண்ணெயைக் கலந்து ஊற்றினர். கலவை தடித்தால் காலையில் எஞ்சின் மறுக்கும். மெலிந்தால் பம்பி தேயும். இவ்விரண்டுக்கும் இடையே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி அளவை அதன் சாரதி கண்டு வைத்திருந்தார். அவ்வளவுகளைக் கேட்டுத் தொகுக்கும் பணியை நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் மேற்கொள்ளலாம். அறிந்தோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

தடையும் போரும் இல்லாத இடத்திலும் வெப்பநாட்டு எஞ்சின் குளிரால் வருந்துவதுண்டு. எஞ்சின் நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியசு வெப்பத்தை அடையும்வரை அதனை றேடியேற்றருக்குச் செல்லவிடாது தடுக்கும் தெர்மோஸ்டாட் என்னும் வாயிற்கதவு ஒவ்வோர் எஞ்சினிலும் உள்ளது. இது குளிர்நாட்டுக்குரியது, நமக்கு வேண்டாதது என்றெண்ணி அதனைக் கழற்றி எறியும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வாறு செய்தபின் எஞ்சின் கொதிப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் அது வேண்டிய வெப்பத்தையும் எட்டுவதில்லை. எரியாத டீசல் எண்ணெயிற் கலக்கின்றது. எரிதலிற் பிறக்கும் நீராவி ஆவியாய் வெளியேறாது எண்ணெயிற் படிந்து சேறாகின்றது. பனிநாட்டு உழவன் ஒரு காலைப்பொழுதிற் காணும் கேட்டை, தெர்மோஸ்டாட் அற்ற எஞ்சின் நாள் முழுவதும் அனுபவிக்கின்றது. நம் கைவினைஞர்பால் எனக்குள்ள மதிப்பு பெரிது. எனினும் இவ்வொன்றில் அவர்கள் பக்கம் நிற்றல் இயலவில்லை.

நீரும் இவ்வாறே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையினின்று ஊறுவது. கேத்தலின் அடியில் வெண்படிவு தடித்துக் கிடப்பதை இல்லத்தரசியர் அறிவர். எஞ்சினின் நீர்வெளியிலும் அதுவே படிகின்றது. படிவு வெப்பத்தை வெளிவிடாது. தகட்டு மூடிகளோ பின்புறமிருந்து துருப்பிடித்து ஒரு நாள் ஒழுகத் தொடங்கும். உறைதலைத் தடுக்கும் கிளைக்கோல் கலந்த நீரை வெப்பநாட்டில் ஏன் ஊற்றவேண்டும் எனக் கேட்போர்க்கு விடை இதுவே: அதிற் சேர்க்கப்படும் துருத்தடுப்பிகளே நமக்கு வேண்டியவை, கொதிநிலையும் உயரும். சூடாக்கி பொருத்தப்பட்ட எஞ்சினில் இத்தூய்மை மேலும் முக்கியமாகும். சுண்ணாம்பு முதலிற் படிவது எல்லாவற்றினும் சூடான சூட்டுக் கம்பியின்மேல் என்பது வெளிப்படை.

மீண்டும் மாளிகாவத்தை முற்றத்துக்கு வருவோம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா 1954 முதல் வழங்கிய டீசல் புகையிரத எஞ்சின்கள் இப்பாதையில் ஓடத் தொடங்கின. ஒன்ராறியோ மாநிலத்தின் இலண்டன் நகரிற் செய்யப்பட்ட இவற்றுட் பலவற்றுக்குக் கனேடிய மாநிலங்களின் பெயர்கள் இடப்பட்டன. அவற்றுள் 591ஆம் இலக்கத்தின் பெயர் மனிற்றோபா. 2004 மார்கழி 26ஆந் திகதி பெரலியவில் ஆழிப்பேரலை விழுங்கிய புகையிரதத்தை இழுத்துச் சென்றது அதுவே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்ட அத்துயரத்தின் பின் அது செப்பனிடப்பட்டு மீண்டும் ஓடிற்று. அது பெயர் தாங்கிய மாநிலத்திலே, தை மாதத்து இரவில் வாகனத்தை மின்கம்பத்தோடு இணைத்து விட்டுச் செல்வது அன்றாட வழக்கம். தரிப்பிடங்களில் அதற்கெனவே மின்செருகிகள் உண்டு. ஆயின் இவ்வினப் புகையிரத எஞ்சின்களின் நீரில் உறைதடுப்பி சேர்க்கப்படுவதில்லை. அந்நாட்டுக் குளிரில் இவற்றை அணைக்காமல் இரவு முழுவதும் இயங்கவிட்டே காப்பாற்றினர். கொழும்பிலோ அவற்றை மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் இயக்கலாம். ஒரே எஞ்சின், இருவேறு நாடுகளில் இருவேறு இரவுகளைப் பெற்றது.

1983இன் பின் கனடா சென்ற நம்மவருட் பலர், வீட்டு முகப்பில் வாகனத்தை மின்செருகியோடு இணைக்கும் இவ்வழக்கத்தை அங்கே முதன்முதலாகக் கண்டு வியந்தனர். அதே கருவி கொழும்பிலும் இருக்கின்றது என்பதைப் பலர் அறியார். மின்சாரம் தடைப்பட்ட சில விநாடிகளுக்குள் முழுச் சுமையையும் ஏற்கவேண்டிய பெரிய டீசல் மின்பிறப்பாக்கிகளில், எஞ்சின் நீரை எப்பொழுதும் ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் வைத்திருக்கும் சூடாக்கி பொருத்தப்படுவது வழக்கம். வெப்பநாட்டிலும் இது வேண்டப்படுகின்றது. அறுவைச் சிகிச்சை மேசையில் நோயாளி கிடக்கும்போது, எஞ்சின் மெல்ல மெல்லச் சூடேறட்டுமென்று காத்திருத்தல் இயலாது. முப்பது பாகையிற் கிடக்கும் எஞ்சின், உடனடிச் சுமைக்குக் குளிர்ந்த எஞ்சினே. 1996ஆம் ஆண்டின் வறட்சியாலும் 2001ஆம் ஆண்டின் மின்வெட்டாலும் இத்தகைய மின்பிறப்பாக்கிகள் நகரில் மலிந்தன. எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் சூடாக்கியின் மின்னிணைப்புத் தானாகவே அறுந்துவிடும். எஞ்சின் நின்றதும் மீளும். 2022 பங்குனி இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரத்தை எட்டியபோது இச்சூடாக்கிகளுக்கு வேலையே இல்லாது போயிற்று. எஞ்சின் ஆறுவதற்குள் அடுத்த வெட்டு வந்தது. அதன்பின் டீசலும் கிடைக்காமற் போயிற்று.